உடலில் உலோகம் உண்டா?

விருதுநகர்
14.6.2025

தம்பி ரத்தினசாமிக்கு,

உன் நலத்தை விசாரிக்க இதை எழுதவில்லை. நடந்ததை எழுத்தில் வைக்கவே எழுதுகிறேன்.

ஐந்தாம் தேதி என் மகள் ஸ்ரீமதியின் புதுமனை புகுவிழா. முதல் பந்தியில், தாய்மாமன் என்று உனக்குத் தனியாகப் போட்ட இலையில், நீ உப்பைக்கூடத் தொடவில்லை. பன்னிரண்டு வகை வைத்திருந்தோம். நீ அப்பளத்தை மட்டும் ஒடித்துப் பார்த்துவிட்டு இலையை மடித்தாய். அதையும் துக்க வீட்டில் மடிப்பதுபோல் எதிர்ப்பக்கமாக மடித்தாய். சம்பந்தி வீட்டார் எண்பது பேர் ஒரே நேரத்தில் பாயசம் குடிப்பதை நிறுத்தினார்கள். அப்படி ஓர் ஒற்றுமையை அவர்களிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை.

நான் என்ன கேட்டேன்? "ஏலே, என் வீட்டுச் சோறு உனக்கு எறங்கலையா?" என்றேன். அவ்வளவுதான். நீ பந்தல் நடுவே நின்று, "இனிமே உன்கூட ஒரு வார்த்தை பேசுனா நான் ரத்தினசாமி இல்லே" என்றாய். "என் வாசப்படிய மிதிச்சிராதே" என்று நானும் சொன்னேன். நம் குடும்பத்தில் சொன்ன சொல்லை மீறிய வழக்கம் கிடையாது.

ஆனால் நீ பேச மாட்டேன் என்றுதான் சொன்னாய், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. என் வாசற்படியைத் தபால்காரர் மிதிக்கத் தடை ஏதும் இல்லை. எனவே உன் விளக்கத்தை எழுத்தில் அனுப்பு.

பத்திரகாளி
எக்ஸ்ரே பிரிவு, 34 ஆண்டு (ஓய்வு)


எம். புதுப்பட்டி
21.6.2025

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. பட்டாசுக் கம்பெனி வாசலில் செல்போனை வாங்கி வைத்துவிடுவதால் எழுதுவது எனக்கும் வசதிதான்.

எனக்கு அன்று பசியில்லை. பசியில்லாதவன் சாப்பிடாமல் இருந்தது எந்தச் சட்டத்தின்படி குற்றம்? இலை எந்தப் பக்கம் மடிந்தது என்று நான் கவனிக்கவில்லை. எனக்கு அப்போது எழுந்து போக வேண்டியிருந்தது.

பசி என்பதே பழக்கம்தான் என்று இந்த ஆறு மாதத்தில் கண்டுகொண்டேன். காலையில் நீராகாரம், மதியம் மோர்ச்சோறு நாலு வாய், அவ்வளவுதான். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் தலையணையை வயிற்றுக்கு அடியில் கொடுத்துக் குப்புறப் படுக்கிறேன். உள்ளே நனைந்த சரவெடி மாதிரி விட்டுவிட்டு ஏதோ உருளும், பிறகு அடங்கும். பெல்ட்டில் புதிதாக மூன்று துளை போட்டிருக்கிறேன். கம்பெனியில் எல்லாரும் "அண்ணாச்சி இளமையாயிட்டே போறீக" என்கிறார்கள். அறுபத்திரண்டு வயதில் இந்தக் கட்டுப்பாடு எத்தனை பேருக்கு வரும்?

சீசன் நேரம். ஆர்டர் குவிந்து கிடக்கிறது. நேற்று முத்துப்பேச்சி சேலையில் ஊக்கு குத்திக்கொண்டு மருந்து அறைக்கு வந்தாள். "அண்ணாச்சி, சின்ன ஊக்குதானே" என்றாள். "இரும்புல சின்னது பெரிசு கிடையாது தாயி, வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டேன். அன்றைய கூலி போயிற்று என்று அழுதாள். இரும்பு உரசிப் பறக்கும் பொறி ஒன்று போதும் என்பதால், கலவை அறையில் பித்தளைச் சுத்தியலையும் மரக்கரண்டியையும் தவிர வேறு எதையும் நான் விட்டதில்லை. அதனால்தான் கையெழுத்துக்குக் கீழே இதை எழுத முடிகிறது.

ரத்தினசாமி
போர்மேன், 38 ஆண்டு விபத்தில்லாச் சேவை


விருதுநகர்
26.6.2025

தம்பி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு. இரண்டாம் முறை, எக்ஸ்ரே அறையில் நிற்பவள்போல்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆட்களைப் பலகையோடு நிறுத்தி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னவள் நான். படம் கழுவி வருவதற்கு முன்பே பாதிப் பேருக்கு என்ன என்று எனக்குத் தெரியும். டாக்டர்கள் அதை என்னிடம் கேட்டதில்லை. படத்தைப் பார்த்துவிட்டு நான் நினைத்ததையே சொல்லுவார்கள்.

நீ கட்டுப்பாடு என்று எழுதியிருப்பதை நான் படிக்கும் விதம் வேறு. சாப்பிட்டால் வலிக்கிறது. அதனால் சாப்பிடுவதை விட்டுவிட்டாய். குடல் எங்கோ குறுகியிருக்கிறது. அந்த இடத்தைத் தாண்ட முடியாமல் சோறு உருளுகிறது. தாண்டியதும் அடங்குகிறது. வாந்தி இருக்கிறதா? இருக்கும். நீ எழுத மாட்டாய்.

அன்று உனக்குப் பசியில்லாமல் இல்லை. பன்னிரண்டு வகையைப் பார்த்துப் பயந்திருக்கிறாய். "அக்கா, வயிறு வலிக்குது" என்று நாலு சொல் சொல்லியிருந்தால் இத்தனை தபால்தலை செலவில்லை.

இங்கே குடல் நோய் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருக்கிறார். அப்ரின் என்று பெயர். போய்க் காட்டு. முதலில் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன், பிறகு தேவைப்பட்டால் பேரியம் குடிக்கவைத்துப் படம். வெள்ளையாக ஒரு பால். அது போகிற வழியெல்லாம் படத்தில் தெரியும். கத்தியும் கிடையாது, குழாயும் கிடையாது.

இலை விஷயத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது தனி.

பத்திரகாளி


எம். புதுப்பட்டி
5.7.2025

அக்காவுக்கு,

பேரியமா?

நீ எக்ஸ்ரே படித்தவள். நான் வெடிமருந்து படித்தவன். பச்சை நிறம் கொடுப்பது பேரியம். அதை முப்பது வருஷம் கையுறை போட்டு, மூக்கைக் கட்டி, வேலை முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் தொட்டிருக்கிறேன். கடைசியில் உச்ச நீதிமன்றமே பட்டாசில் போடக் கூடாது என்று தடை போட்டது. இந்திய வானத்துக்கே ஆகாது என்று தீர்ப்பான பொருளை என் வயிற்றுக்குள் ஊற்றச் சொல்கிறாய். அதையும் பால் என்கிறாய்.

வயிற்றில் ஒன்றும் இல்லை. வாந்தி மாதத்தில் இரண்டு மூன்று முறைதான்.

ரத்தினசாமி
போர்மேன், 38 ஆண்டு விபத்தில்லாச் சேவை


விருதுநகர்
9.7.2025

தம்பி,

நீ பட்டாசில் போட்டது பேரியம் நைட்ரேட். அது தண்ணீரில் கரையும், ரத்தத்தில் சேரும், ஆளைக் கொல்லும். ஆஸ்பத்திரியில் கொடுப்பது பேரியம் சல்பேட். அது கரையாது. போன வழியே போய் வந்துவிடும். இது உனக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்துகொண்டே என்னோடு வழக்காடுகிறாய்.

பத்திரகாளி


எம். புதுப்பட்டி
14.7.2025

அக்காவுக்கு,

தெரியும். மூட்டையில் சல்பேட் என்று எழுதி உள்ளே நைட்ரேட்டை அனுப்பிய தரகர்களையும் தெரியும். புது லோடு வந்தால் ஒரு சிட்டிகை எடுத்துச் சோதிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. எவனோ கட்டிய பொட்டலத்தை நம்பிக் குடிக்க நான் என்ன கைக்குழந்தையா?

ஆனால் போன வெள்ளிக்கிழமை வேலை நடுவே சுருண்டு உட்கார்ந்துவிட்டேன். என் மகன் சரவணக்குமார் பார்த்துவிட்டான். அவனும் இதே கம்பெனியில் உதவிப் போர்மேன் என்பதால் மறைக்க முடியவில்லை. அவன் விடமாட்டான் போலிருக்கிறது. அந்த டாக்டரின் முகவரியை அனுப்பு. அவனுக்காகக் கேட்கிறேன்.

ரத்தினசாமி
போர்மேன், 38 ஆண்டு விபத்தில்லாச் சேவை


எம். புதுப்பட்டி
1.8.2025

அக்காவுக்கு,

டாக்டர் அப்ரினைப் பார்த்தேன். நான் போர்மேன் ஆனபோது அந்தப் பிள்ளை பிறந்திருக்காது. ஆனாலும் கையைக் கழுவி, களிம்பைத் தடவி, கருவியை வயிற்றின் மேல் அழுத்தி, அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தது. கவனம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்ததும் கொஞ்சம் மரியாதை வந்தது.

சிறுகுடல் முடியும் இடத்தில் சுவர் தடித்திருக்கிறதாம். எவ்வளவு நீளம், எத்தனை இடம் என்று பார்க்க வேண்டுமாம். சி.டி. எடுத்தால் ஊசி மருந்து போட வேண்டும். என் ரத்தத்தில் சிறுநீரகக் கணக்கு சரியில்லையாம். "அங்கிள், ரெண்டு வழி இருக்கு. பேரியம் குடிச்சு எக்ஸ்ரே, இல்லேன்னா எம்.ஆர்.ஐ. ரொம்பத் தள்ளிப்போடாதீங்க. முழுசா அடைச்சுக்கிட்டா அவசர ஆபரேஷன், அதுல உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது" என்றது.

எம்.ஆர்.ஐ. என்றால் என்ன என்று கேட்டேன். வெறும் காந்தமாம். கதிரும் இல்லை, பேரியமும் இல்லை. மனிதன் கண்டுபிடித்ததில் ஒழுங்கான பொருள் அதுதான். மதுரையில் பன்னிரண்டாம் தேதிக்குப் பதிவு செய்துவிட்டோம். ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள், நிரப்பிக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு செய்தி. ஆயுத பூஜையன்று முதலாளி எனக்குச் சால்வை போடுகிறார். 'விபத்தில்லா 38 ஆண்டு' என்று பேனர் அடிக்கக் கொடுத்துவிட்டார்கள். நீ வர முடியாது என்பது தெரியும். தகவலுக்காகச் சொல்கிறேன்.

ரத்தினசாமி
போர்மேன், 38 ஆண்டு விபத்தில்லாச் சேவை


விருதுநகர்
4.8.2025

தம்பி,

அந்தப் படிவத்தில் ஐந்தாவதோ ஆறாவதோ ஒரு கேள்வி இருக்கும். 'உடலில் உலோகம் உண்டா?' என்று. நீ என்ன எழுதியிருக்கிறாய்?

என் பீரோவில் ஒரு பழுப்பு உறை இருக்கிறது. உள்ளே ஒரு படம். இடது முன்கை, ஓரத்தில் என் கையெழுத்தில் 17.9.1996. அந்தச் சாயங்காலம் நீ சட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு என் எக்ஸ்ரே அறைக்கு வந்தாய். "கதவுல இடிச்சிட்டேன்க்கா" என்றாய். படத்தைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். எலும்புக்குப் பக்கத்தில், அரிசி மணி அளவில், பளிச்சென்று ஒரு துண்டு. எந்தக் கதவு இரும்பைத் துப்பும்?

நரம்பை ஒட்டி இருக்கிறது, எடுத்தால் விரல் வராது, அப்படியே விடுங்கள் என்றார் அன்றைய டாக்டர். பதிவேட்டில் 'கதவு' என்று எழுதச் சொல்லி நீ கும்பிட்டாய். எழுதினேன். என் முப்பத்து நான்கு ஆண்டில் நான் எழுதிய ஒரே பொய் அது.

பித்தளையாக இருந்தால் காந்தம் திரும்பிக்கூடப் பார்க்காது. இரும்பாக இருந்தால் அசையும், இழுக்கும், சுடும். உயிர் போகாமல் இருக்கலாம். விரல்கள் போகலாம். மருந்து கலக்கிற கை அது.

பத்திரகாளி


எம். புதுப்பட்டி
7.8.2025

அக்காவுக்கு,

'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். படிவத்தைச் சரவணக்குமார் பார்த்துவிட்டான். அவன் பார்க்கும் தாளில் வேறு எதை எழுத முடியும்?

அன்று நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மதியச் சாப்பாட்டு நேரம். டிரம் மூடி ஒன்று இறுகிக்கொண்டது. பித்தளைச் சுத்தியல் அடுத்த அறையில் இருந்தது. போய் எடுத்து வர நாற்பது அடி. வாசலில் நின்ற ஜீப்பில் இருந்த இரும்புத் திருப்புளியையும் சுத்தியலையும் எடுத்து ஓர் அடி அடித்தேன். ஒரே அடி. திருப்புளியின் விளிம்பில் இருந்து துண்டு தெறித்துக் கையில் ஏறியது. பொறி பறந்ததைக் கண்ணால் பார்த்தேன். டிரம்மைச் சுற்றித் தரையில் மருந்துத் தூசி. ஏன் பற்றவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த அறைகளில் இருபத்தோரு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பற்றவில்லை அல்லவா? பற்றாதது விபத்து ஆகாது. விதிப்புத்தகத்தில் விபத்து என்பதற்குக் கொடுத்திருக்கிற விளக்கத்தைப் பார்த்துவிட்டேன். தீ, வெடிப்பு, உயிரிழப்பு, படுகாயம். அரிசி மணி அதில் எதிலும் வராது. ஆகவே முப்பத்தெட்டு ஆண்டு என்பது சரியான கணக்குத்தான்.

இருபத்தொன்பது வருஷம் அசையாத துண்டு இனிமேலா அசையப்போகிறது?

ரத்தினசாமி
போர்மேன்


விருதுநகர்
9.8.2025 (விரைவுத் தபால்)

தம்பி,

கையெழுத்துக்குக் கீழே பாதியை விட்டுவிட்டாய். கவனித்தேன்.

முத்துப்பேச்சியின் ஊக்குக்கு விதிப்புத்தகத்தில் விளக்கம் பார்த்தாயா?

'ஆம், இரும்பு' என்று எழுது. இல்லையென்றால் பன்னிரண்டாம் தேதி படத்தை எடுத்துக்கொண்டு நானே மதுரைக்கு வருவேன். வாயைத் திறக்க மாட்டேன். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவேன். படம் காட்டுவதற்குப் பேச்சு தேவையில்லை.

எதையும் எழுதாமல், எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றும் உனக்குத் தோன்றும். அப்படியானால் குடல் அடைக்கும். உன் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் விபத்தில்லா என்ற சொல்லையும் பெரிய எழுத்தில் போடச் சொல்கிறேன். சிவகாசியில் அச்சுக்கூலி குறைவு.

எனக்கு நீ ஒருவன்தான் தம்பி. அதையும் எழுத்தில் வைக்கிறேன்.

பத்திரகாளி


எம். புதுப்பட்டி
22.8.2025

அக்காவுக்கு,

நீ படத்தோடு வந்து சேரும் முன்பே முடிந்துவிட்டதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி மதுரையில், காந்த அறைக்கு வெளியே ஒரு பெண் படிவத்தை வாங்கிக்கொண்டு, காப்பு, பெல்ட், மோதிரம், அரைஞாண், சாவி என்று ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னாள். "ஐயா, சின்ன ஊக்கு இருந்தாக்கூட உள்ளே விடமாட்டோம், கோவிச்சுக்காதீக" என்றாள். என் கலவை அறை வாசலில் நான் நிற்பதுபோலவே நின்றாள். அந்தக் குரலும் என் குரலாகத்தான் இருந்தது.

படிவத்தைத் திரும்பக் கேட்டேன். 'இல்லை' என்பதை அடித்துவிட்டு 'ஆம்' என்று எழுதினேன். என்ன உலோகம்? இரும்பு. எப்போது? 1996. எப்படி? அந்தக் கட்டம் சின்னது. தாளின் பின்பக்கம் வரை எழுதினேன்.

சரவணக்குமார் தோளுக்கு மேலே நின்று படித்தான். பிறகு, "ஏம்ப்பா, பித்தளைச் சுத்தியலு எம்புட்டுத் தூரத்துல இருந்துச்சு?" என்றான். "நாப்பது அடி" என்றேன். "நாப்பது அடிதானா?" என்றான். நான் தொழிலாளிகளிடம் கேட்கும் கேள்வி அது.

காந்தம் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மீதி இருந்தது பேரியம்.

இருபதாம் தேதி விருதுநகரில் எடுத்தார்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போது, "தம்பி, ஒரு சிட்டிகை கொடு" என்று அங்கிருந்த டெக்னீஷியனிடம் கேட்டேன். வீட்டிலிருந்து கண்ணாடி டம்ளர் கொண்டுபோயிருந்தேன். தண்ணீரில் போட்டுக் கலக்கி மேசையில் வைத்துப் பத்து நிமிடம் பார்த்தேன். "என்ன சார் பண்றீக, வெளியே எட்டுப் பேரு காத்திருக்காக" என்றான். டாக்டர் அப்ரின் வந்து பார்த்தது. என்னைத் தடுக்கவில்லை. அதுவும் கூட நின்று பார்த்தது. வெள்ளை முழுதும் அடியில் படிந்தது, மேலே தண்ணீர் தெளிந்தது. கரையவில்லை. குடித்தேன். சுண்ணாம்பைச் சர்க்கரையில் குழைத்த மாதிரி இருந்தது.

அரை மணிக்கு ஒரு படமாக மூன்றரை மணி நேரம். திரும்பு, படு, மூச்சை இழு, பிடி. நீ ஊரையெல்லாம் எப்படி ஆட்டிவைத்திருப்பாய் என்று அன்றுதான் தெரிந்தது. கடைசியில் திரையில் காட்டினார்கள். என் குடல் முழுதும் வெள்ளையாகத் தடித்து ஓடி, முடியும் இடத்துக்கு முன்னால் கட்டைவிரல் நீளத்துக்குப் புஸ்வாணத் திரி மாதிரி மெலிந்திருந்தது. ஒரே இடம். என் சோறெல்லாம் அந்தத் திரி வழியாகத்தான் போயிருக்கிறது.

குடலில் காசநோய் போலத் தெரிகிறதாம். உறுதி செய்ய அந்த ஓர் இடத்துக்கு மட்டும் குழாய் விட்டுத் துணுக்கு எடுக்க வேண்டுமாம். சம்மதித்தேன். போய்ச் சேரும் இடம் தெரிந்தபின் குழாய் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தேடிக்கொண்டு போவதுதான் பிடிக்காது.

ரத்தினசாமி


விருதுநகர்
30.8.2025

தம்பி,

ஸ்ரீமதி போய் டாக்டரிடம் கேட்டு வந்தாள். துணுக்கிலும் அதுதான் என்று உறுதியாகிவிட்டதாம். மாத்திரை ஆறு மாதம். ஒரு நாளும் விடக் கூடாது. சுருக்கம் தளர்ந்துவிட்டால் கத்தி தேவைப்படாமலும் போகலாம் என்றாராம்.

டம்ளர் சோதனையைப் பற்றி டாக்டர் மற்றவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். "அவரு யாரோட தம்பி?" என்று கேட்டிருக்கிறார். ஸ்ரீமதி என் பெயரைச் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

ஆயுத பூஜைக்குச் சால்வை வாங்கப்போகிறாயா?

பத்திரகாளி


எம். புதுப்பட்டி
6.9.2025

அக்காவுக்கு,

அந்தப் பழுப்பு உறையைப் பதிவுத் தபாலில் அனுப்பு. படம் மடங்காமல் இருக்க அட்டை வை.

ரத்தினசாமி


எம். புதுப்பட்டி
4.10.2025

அக்காவுக்கு,

ஆயுத பூஜை முடிந்தது.

பித்தளைச் சுத்தியல், மரக்கரண்டி, சல்லடை, தராசு எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்து வரிசையாகப் பரப்பியிருந்தோம். தராசுக்குப் பக்கத்தில் உன் படத்தையும் வைத்தேன். முதலாளி சால்வையோடு எழுந்ததும், "ஒரு நிமிஷம் அண்ணாச்சி" என்று படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்த படம் நேற்று எடுத்ததுபோல் இருக்கிறது. எலும்பின் ஓரம்கூடக் கலங்கவில்லை. இன்று ஆஸ்பத்திரிகளில் லட்சக்கணக்கில் மெஷின் வைத்திருக்கிறார்கள். அவர்கள் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

"இது என் கை. இது இரும்பு. நாப்பது அடி நடக்கச் சோம்பல்பட்டு வந்தது. அன்னைக்கு அடுத்த ரூம்ல இருபத்தோரு பேரு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக" என்றேன். அந்த இருபத்தோரு பேரில் நாலு பேர் அங்கேயே நின்றார்கள்.

முத்துப்பேச்சி மட்டும் முன்னால் வந்து படத்தை உற்றுப் பார்த்தாள். "ஏன் அண்ணாச்சி, எங்க ஊக்கு சேலையில வெளியே தெரிஞ்சுச்சு. நீங்க உள்ளாறயே வச்சிக்கிட்டு முப்பது வருஷம் எங்களச் சோதனை போட்டீகளாக்கும்?" என்றாள். கூட்டம் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். நானும் சிரித்துப் பார்த்தேன், வந்தது. சால்வையை அவளுக்குப் போடச் சொன்னேன். "எனக்கு இது எதுக்கு, அன்னைக்கு விட்ட கூலியக் கொடுங்க" என்றாள். கொடுத்தேன். சால்வையையும் கொண்டுபோய்விட்டாள்.

படத்தைக் கலவை அறை வாசலில், கண்ணாடிச் சட்டம் போட்டு, ஜன்னலை ஒட்டி மாட்டியிருக்கிறோம். வெயில் ஏறினால் அரிசி மணி நன்றாகத் தெரிகிறது. ஓரத்தில் இருக்கும் எழுத்து யாருடையது என்று கேட்கிறார்கள். எங்க அக்கா, எக்ஸ்ரே எடுத்தவ, அவ கண்ணுக்குத் தப்பினது ஒண்ணும் கிடையாது என்று சொல்லிவருகிறேன். பேனரில் இருந்த வாசகத்தை அழித்துவிட்டார்கள். பதிலுக்கு என்ன எழுதுவது என்று கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

பெல்ட்டில் ஒரு துளை பின்னால் வந்திருக்கிறேன். டாக்டர் கொடுத்த உணவுப் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். தோல், விதை, கீரைத்தண்டு ஆகாது. மற்றதில் எட்டு வகை தேறும். தீபாவளியன்று ஸ்ரீமதி வீட்டில் எனக்கு ஓர் இலை போடச் சொல். உன் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்றாய். அது அவள் வாசற்படி. இலையை முடித்து, என் பக்கமாகவே மடிப்பேன். சம்பந்தி வீட்டார் எண்பது பேரும் வந்து பார்க்கட்டும்.

ஆனால் பேச மாட்டேன் என்று சொன்னவன் நான். முதல் வார்த்தையை நான் பேச முடியாது.

உன் தம்பி
ரத்தினசாமி
போர்மேன். இடது கையில் இரும்பு உண்டு.


விருதுநகர்
8.10.2025

தம்பி,

பட்டியல் கிடைத்தது. எட்டு இல்லை, ஒன்பது வகை தேறுகிறது. நீ சரியாகப் படிக்கவில்லை.

முதல் வார்த்தையை நான் பேசுகிறேன். என்ன வார்த்தை என்றும் முடிவு செய்துவிட்டேன். முப்பத்து நான்கு ஆண்டு, படம் எடுத்து முடிந்ததும் எல்லாரிடமும் சொன்னதுதான். ஸ்ரீமதி வாசலில் வந்து நில். "மூச்சை விடு" என்பேன்.

உன் அக்கா
பத்திரகாளி